ஒரு சோல் ஆல்பத்தை முழுசா மேடையில வாசிக்கணும், காரைக்குடி பக்கம். எந்த ஆல்பம், எங்க வைக்கலாம்?

செக்காலை கீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில ஒரு மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறேன். மாசி பங்குனித் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், சாந்தி, காதுகுத்துன்னு வருஷம் பூரா ஓடுற குழு, எல்லாம் சினிமாப் பாட்டுதான். வெளிநாட்டுல டிரிபியூட் பேண்டுன்னு வச்சுக்கிட்டு 60கள் 70கள்ல வந்த சோல், ஃபங்க் (அமெரிக்கக் கருப்பினத்து மக்களோட பாட்டு வகை) ஆல்பம் ஒன்னை எடுத்து முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அதே வரிசையில மேடையில வாசிக்கிறாங்கல்ல, ஹிட்டான ரெண்டை மட்டும் உருவாம முழுசா, அதை நம்ம ஊர்ல ஒரே ஒரு ராத்திரி பண்ணிப் பாக்கணும்னு குழுவுல எல்லாருக்குமே ஆசை.

ஆளுங்க விவரம் சொல்லிடுறேன். கீபோர்டு ரெண்டு, லீட் கிட்டார், பேஸ், டிரம்ஸ், காங்கோ பாங்கோஸ் தபேலா மூணுக்கும் ஒருத்தர், பாடுறவங்க மூணு பேர். ஹார்ன்ஸ் (டிரம்பெட், சாக்ஸ் மாதிரி ஊதுற வாத்தியம்) கிடையாது. மனசுல இருக்குற ஆல்பம் நாலு: ஸ்டீவி வொண்டரோட 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்', அவரோடயே 'டாக்கிங் புக்', ஜேம்ஸ் பிரவுனோட 'லைவ் அட் தி அப்போலோ', மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்'. இதுல எது நம்மளால முடியும்? ஹார்ன்ஸை கீபோர்டுலயே ஒப்பேத்திறலாமா? இடம் வந்து, சொந்தக்காரங்க பழைய வீட்டு வளவு (நடுவுல முற்றம், சுத்தித் தூண் வச்ச தாழ்வாரப் பத்தி) கிடைக்கும், நூறு பேரு உக்காரலாம், இல்லேன்னா ஒரு கல்யாண மண்டபம். அப்புறம் முக்கியமா, நம்ம சனம் உக்காந்து கேக்குமா? வாசிச்ச அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தேவகோட்டை பேஸ்:

தம்பி, நல்ல காரியம், கண்டிப்பாப் பண்ணுங்க. முதல்ல 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்' வேணாம். ரெண்டு எல்பி, அதுக்கு மேல ஒரு சின்னத் தட்டு, மொத்தம் 21 பாட்டு, ஒன்னே முக்கா மணி நேரம் கிட்ட வரும். ஸ்டீவி வொண்டரே அதை முழுசா எடுத்துக்கிட்டு 2014ல டூர் கிளம்பினப்ப மேடை கொள்ளாத ஆளு, ஸ்ட்ரிங்ஸ், ஹார்ன்ஸ், கோரஸ்னு. 'டாக்கிங் புக்' அளவுல சின்னது ஆனா அதுல அவரே டிரம்ஸ், அவரே மூக் சிந்தசைசர்ல பேஸ், அவரே க்ளாவினெட்டுங்கிற மின்சாரக் கீபோர்டு, அந்தக் க்ளாவினெட்டையும் ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வச்சிருப்பாரு, ரெண்டு கீபோர்டுல அந்த அடுக்கு வராது. ஜேம்ஸ் பிரவுனோட அப்போலோ வந்து 1962 அக்டோபர்ல நியூயார்க் ஹார்லம்ல இருக்குற அப்போலோ தியேட்டர்ல ரெக்கார்டு பண்ணது, அரை மணி நேரத்துச் சொச்சம்தான், ஆனா அதுல பாதி அந்த மனுஷன், மீதி பாதி கீழ உக்காந்து கத்துற கூட்டம். அது ரெண்டும் இல்லாம வெறும் பாட்டை வாசிச்சா ஒன்னும் நிக்காது.

மார்வின் கே எடுங்க. 1971 மே மாசம் வந்தது, 9 பாட்டு, 35 நிமிஷம். முதல் பக்கத்து 6 பாட்டும் நடுவுல நிக்கவே நிக்காது, ஒன்னுக்குள்ள ஒன்னா ஓடும். கடைசிப் பாட்டு முடியிற இடத்துல முதல் பாட்டோட குரல் திரும்ப வரும். அதனாலதான் இதை வரிசையா வாசிக்கணும், இதுலேர்ந்து ஒரு பாட்டை மட்டும் பிச்சு எடுத்தா ரத்தம் வருது. இன்னொன்னு, அந்த ஆல்பம் முழுக்க டிரம்ஸை விட காங்கோவும் பாங்கோஸும்தான் ஓட்டிக்கிட்டுப் போகும். வெளிநாட்டு பேண்டுக்காரன் அதுக்குத் தனியா ஆள் தேடணும், நம்ம மெல்லிசைக் குழுவுல அந்த ஆள் எப்பவும் உக்காந்திருக்காரு.

பேஸ் பத்திச் சொல்லாம இருக்க முடியாது. இந்த ஆல்பத்துல பேஸ் வாசிச்சது ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்னை மட்டும் வச்சு வாசிச்ச மனுஷன், அந்த விரலுக்கே கொக்கின்னு பட்டப்பேரு. ஃபெண்டர் பிரசிஷன் பேஸ், ஃப்ளாட்வுண்ட்னு மேல வழவழன்னு இருக்குற கம்பி, அறுந்தா ஒழிய கம்பி மாத்த மாட்டாரு, பிரிட்ஜ் மூடிக்குள்ள ஒரு துண்டு ஸ்பாஞ்சு. முதல் பாட்டை ரெக்கார்டு பண்ண அன்னிக்கு அவரை ஒரு கிளப்லேர்ந்து தேடிக் கூட்டிட்டு வந்தாங்க, உக்கார முடியாத அளவுக்குக் குடிச்சிருந்ததால தரையில படுத்துக்கிட்டே வாசிச்சாருன்னு சொல்வாங்க. உங்க பேஸ்காரர்கிட்ட புதுக் கம்பி போட வேணாம்னு சொல்லுங்க, பிரிட்ஜ் பக்கத்துல கம்பிக்கு அடியில ஸ்பாஞ்சு ஒரு விரக்கடை கனத்துக்கு வெட்டிச் சொருகினா நோட்டு 'டும்'னு விழுந்து உடனே அடங்கும், ரீங்காரம் இருக்காது, அப்பத்தான் காங்கோவுக்கு எடம் கிடைக்கும். கட்டைவிரல்ல அடிக்கிற ஸ்லாப் வேணவே வேணாம், அது ஸ்லாப்பைப் பிரபலமாக்கின பேஸ்காரர் லாரி கிரஹாம் வழி, இந்த ஆல்பத்துல அதுக்கு வேலை இல்ல. எல்லாப் பாட்டும் ஜேமர்சன் இல்லைங்கிறதையும் சொல்லிடுங்க, ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுல பாப் பேபிட், அது கேக்கவே வேற கை.

நோட்டு நோட்டா காப்பி அடிக்கிறதுலயே ஆறு மாசம் போயிரும், அதை விட எல்லாரும் சேந்து ஒரே எடத்துல விழறதைப் பழகுங்க. முதல் அடியில எல்லாரும் ஒன்னா விழணும்னு ஜேம்ஸ் பிரவுன் உசிரை வாங்குவாரு, தப்பா வாசிச்சவனுக்கு அபராதமே போட்டவரு. நமக்கு அது புதுசு இல்ல. சமத்துல விழலைன்னா நம்ம வாத்தியாருங்க விட்டாங்களா? மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பொறந்த ஊரு இது, அவரே ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோட சேந்து வாசிச்சவரு. லயம் விஷயத்துல நாம யாருகிட்டயும் பயப்பட வேண்டியதில்ல.

கானாடுகாத்தான் ரசிகன்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எதுக்கு அந்த ஆல்பம் உருவான அமெரிக்க ஊரு டெட்ராய்ட் வரைக்கும் போகணும்? இளையராஜா பாட்டுல இல்லாத பேஸா? 80கள்ல அந்தப் பாட்டுகளுக்கு சசிதரன் வாசிச்ச பேஸை மட்டும் தனியாக் கேட்டாலே போதும், ஒரு ராத்திரி பத்தாது. முழு ஆல்பம்தான் வேணும்னா 1986ல வந்த ராஜாவோட 'ஹௌ டு நேம் இட்' இருக்கு, அதை நம்ம பக்கம் முழுசா வாசிச்ச குழுன்னு ஒன்னை நான் பாத்ததில்ல. நம்ம சனத்துக்கு வார்த்தை புரியணும், புரியலைன்னா பத்தாவது நிமிஷம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவாக. பாடுறவங்க பாவம், வெறும் சேரைப் பாத்துப் பாடணும்.

செக்காலை கீஸ்:

அண்ணே கோவமே இல்ல, ராஜா சார் பாட்டு வாசிச்சுத்தான் எங்க கையே பழகுச்சு. ஆனா அந்தப் பேஸ் எந்த மண்ணுலேர்ந்து வந்துச்சுன்னு எங்க பேஸ்காரனுக்கு 22 வயசுல தெரியணும்னு நெனைக்கிறேன். 'ஹௌ டு நேம் இட்'டுக்கு வயலின், செல்லோ வாசிக்க ஆள் வேணும், அது எங்க கையில இல்ல. மார்வின் கே கிட்டத்தட்ட முடிவு பண்ணியாச்சு. வார்த்தை புரியாததுக்கு என்ன வழின்னு யாராச்சும் சொல்லுங்க. அந்த வளவு விஷயமும்.

பள்ளத்தூர் மைக்செட்:

வளவுன்னு சொன்னதும் வந்தேன். நாப்பது வீட்டு விசேஷத்துக்கு மேல சவுண்டு வச்ச எடம் அது, அதனால சொல்றேன், வளவுல பேச்சு நல்லாக் கேக்கும், நாதஸ்வரம் பிரமாதமாக் கேக்கும், டிரம்ஸ் கொன்னுரும். கீழ ஆத்தங்குடிக் கல்லு, சுவத்துல முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்ச்ச சுண்ணாம்பு, கண்ணாடி மாதிரி வழவழன்னு, நடுவுல தேக்குத் தூணு, எதுலயும் சத்தம் உள்ள எறங்காது, எல்லாம் திருப்பி அடிக்கும். போயி வளவுப் பத்தியில நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க, தட்டின சத்தம் எத்தனை நேரம் சுத்துதுன்னு தெரியும். ஸ்னேர் அடிச்சா அடுத்த அடிக்கு முன்னாடி பழசு வந்து நிக்கும். கல்யாண மண்டபம் அதை விட மோசம், அது மேல மூடியிருக்கு. முற்றம் தொறந்து கிடக்குறதால வளவுல பாதிச் சத்தம் மேல போயிரும், அதான் ஒரே நல்ல விஷயம்.

செய்ய வேண்டியது: தரையில ஜமுக்காளம் விரிங்க, ஒன்னு ரெண்டு இல்ல, பத்தி பூரா, சனத்தை சேர்ல உக்கார வைக்காம கீழயே உக்கார வைங்க. ஆளு நெறஞ்சா பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு. டிரம்ஸுக்குப் பின்னாடி சாமியானாத் துணியை ரெண்டு மடிப்பா, சுருக்கம் வச்சுத் தொங்க விடுங்க, இழுத்துக் கட்டினா வேலைக்கு ஆகாது. ஸ்னேர் மேலயும் டாம் மேலயும் ஈரிழைத் துண்டு போட்டு வாசிக்கச் சொல்லுங்க. இது ஒப்பேத்தல் இல்ல, 70கள்ல ஸ்டுடியோவுலயே டிரம்ஸ் மேல துணி போட்டு அடக்கித்தான் ரெக்கார்டு பண்ணாங்க, அந்த ரெக்கார்டு கேக்குற மாதிரி வறட்டுச் சத்தம் தானா வரும். சப்-வூஃபர் வேணாம். திருவிழாவுக்கு அடுக்குற பெரிய பாக்ஸ் வேணவே வேணாம், சின்ன பாக்ஸ் நாலு, சனத்தோட காது உயரத்துக்கு, ஒவ்வொன்னும் கிட்டக்க இருக்கவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி. டிரம்ஸுக்கு கிக்குல மட்டும் ஒரு மைக் போதும். எதிரொலிக்குன்னு மிக்சர்ல ஒரு எஃபெக்டும் போடாதீங்க, வீடே போட்டுக் குடுத்துரும்.

கரெண்டு. பழைய வீட்டுல பாதிக்கு எர்த் சரியா இருக்காது, கிட்டார் சொருகின உடனே 'ம்ம்ம்ம்'னு ஹம் ஆரம்பிக்கும், இந்த மாதிரி மெதுவான பாட்டுல அது கண்டிப்பாக் கேக்கும். ஜெனரேட்டர் வைங்க, எல்லாத்தையும் ஒரே லைன்லேர்ந்து எடுங்க. ஐப்பசி கார்த்திகையில வைக்காதீங்க, முற்றத்துல மழை கொட்டும், தை மாசி நல்லது. ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, அதனால நம்ம ஊர் வழக்கப்படி பத்து மணிக்கு ஆரம்பிக்கிறது எல்லாம் ஆகாது, ஆறரைக்கே ஆரம்பிச்சுருங்க.

கோட்டையூர் டிரம்பெட்:

ஹார்ன்ஸை கீபோர்டுல போடாதீங்க. தயவுசெஞ்சு. அந்த ஆல்பம் ஆரம்பிக்கிறதே ஒரு ஆல்டோ சாக்ஸ்லதான், அதை வாசிச்ச ஈலை ஃபான்டெய்ன் ரெக்கார்டிங்குக்கு முன்னாடி சும்மா ஊதிப் பாத்துக்கிட்டு இருந்ததைத்தான் மார்வின் கே இதே போதும்னு எடுத்துக்கிட்டாரு, அந்த மூச்சு கீபோர்டுல எங்கேர்ந்து வரும். நம்ம பக்கம் பேண்டு செட்டுல இல்லாத ஆளா? கல்யாணத்துக்கும் சாமி பொறப்பாட்டுக்கும் டிரம்பெட், சாக்ஸ், கிளாரினெட், யூஃபோனியம்னு ஊதுற ஆளுங்க எல்லாம் காதுல கேட்டதை அப்பவே ஊதுறவங்க. இவங்களை மேடைக்கு யாரும் கூப்பிடுறதில்ல, ஊர்வலத்தோட சரி. நான் டிரம்பெட், என்கூட ஆல்டோ ஒருத்தரு, டெனர் ஒருத்தரு. நாங்க வர்றோம்.

ஆனா ஒன்னு. முதல் பாட்டு ஈ மேஜர். ரெக்கார்டுல ஊதினவங்க ஸ்டுடியோ ஆளுங்க, பேப்பர் பாத்து ஊதிருவாங்க. எங்களுக்கு ஈ மேஜர்னா ஆல்டோவுக்கு சி ஷார்ப்ல வந்து விழும், ஏழு ஷார்ப், டிரம்பெட்டுக்கு எஃப் ஷார்ப், ஆறு ஷார்ப், விரல் சிக்கிக்கும். நீங்க எல்லாரும் அரைக் கட்டை எறக்கி ஈ ஃப்ளாட்ல வச்சுக்கிட்டா ஆல்டோவுக்கு சாதாரண சி, டிரம்பெட்டுக்கு எஃப், பேண்டு செட்டு ஆளுங்க தூக்கத்துல ஊதுற ஸ்கேல். கீபோர்டுல டிரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்னு, கிட்டாரும் பேஸும் கம்பியை அரைக் கட்டை தளர்த்தினா போதும், அவங்க விரல் போற எடம் அப்படியேதான் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு மாத்தக் கூடாது, ஆல்பம் முழுசையும் எறக்குங்க, இல்லேன்னா ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள்ள நுழையிற எடம் ஒடைஞ்சிரும்.

தேவகோட்டை பேஸ்:

இது அருமையான யோசனை. பேஸுல ஓபன் ஈ கம்பியை அடிக்கிற எடமெல்லாம் ஓபன் கம்பியாவே நிக்கும், ஜேமர்சன் வழியே அந்த ஓபன் கம்பியை நடுநடுவுல தொட்டுட்டுப் போறதுதான். கம்பி தளர்ந்தா சத்தமும் கொஞ்சம் கனமா எறங்கும். பண்ணுங்க.

பாட்டு டீச்சர்:

பாடுறவங்களுக்கும் அரைக் கட்டை எறங்குனா நிம்மதிதான். நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக் குடுக்கிறவ, சர்ச் கொயர்லயும் சொல்லிக் குடுத்திருக்கேன், அதனால குரல் பத்தி மட்டும் எழுதுறேன். இந்த ஆல்பத்துல மார்வின் கே ஒரே ஆளு ரெண்டு ஆளாப் பாடுறாரு. முதல் பாட்டுக்கு ரெண்டு தனித்தனி டேக் பாடி, எது நல்லாருக்குன்னு பாக்கக் கேட்டப்ப இன்ஜினியர் ரெண்டையும் சேத்துப் போட்டுட்டாரு, அது பிடிச்சுப் போயி அதையே தன்னோட வழியா வச்சுக்கிட்டாரு. அதனால பாடுற மூணு பேர்ல ஒருத்தர் மெயின், மத்தவங்க பின்னாடின்னு பிரிக்காதீங்க. ஒருத்தர் பாட்டைக் கொண்டு போகட்டும், இன்னொருத்தர் அவர் மூச்சு வாங்குற எடத்துல பதில் சொல்லட்டும், அந்தப் பதில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறலாம், மாறணும். நம்ம நிரவல் (ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடுறது) பாடிப் பழகின பிள்ளைங்களுக்கு இது சட்டுன்னு வரும். கமகத்தை மட்டும் கட்டுப்படுத்தச் சொல்லுங்க, சோல் பாட்டுல சுருதியை மேலேர்ந்து கீழ வழுக்கி விடுற எடம் வேற, நாம அசைக்கிற எடம் வேற, பத்து தடவை கூடக் கேட்டுட்டுத்தான் வாயைத் தொறக்கணும்.

முதல் பாட்டு ஆரம்பத்துல ஒரு கூட்டம் பேசிக்கிற சத்தம் வரும்ல, சினேகிதங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து நலம் விசாரிக்கிற மாதிரி. அதுல பேசுனவங்கள்ல டெட்ராய்ட் லயன்ஸ் ஃபுட்பால் டீம் ஆளுங்க ரெண்டு பேரு இருக்காங்க. அந்த எடத்தை இங்கிலீஷ்ல பேசவே கூடாது. 'வாங்க வாங்க, எப்ப வந்தீக, ஆத்தா சொகமா இருக்காகளா'ன்னு நம்ம வீட்டு வாசல்ல பேசுற மாதிரியே பேசுங்க, வர்ற சனத்தையே பேச விடுங்க, அதுக்கு மேல சாக்ஸ் எந்திரிக்கட்டும்.

இன்னொரு விஷயம் கட்டாயம் சொல்லணும். டிரிபியூட்டுன்னு சொல்லிட்டு சுருட்டை முடி விக்கு, மூஞ்சில கருப்பு மை, இதெல்லாம் யாராச்சும் ஐடியா குடுப்பாங்க, நம்ம பக்கம் ஆடலும் பாடலும் மேடையில நடிகருங்க வேஷம் கட்டிப் பழகிட்டோம்ல. இங்க அது கூடவே கூடாது. நிறத்துக்காக அடி வாங்கின சனத்தோட பாட்டு இது, அந்த நிறத்தை வேஷமாப் பூசிக்கிட்டுப் பாடுனா மரியாதை இல்ல. வேட்டி சட்டை, சேலைன்னு நீங்க நீங்களாப் போயி நின்னு பாடுங்க.

சிங்கப்பூர் பங்காளி:

ரெண்டு விஷயம். வார்த்தை புரியாதுன்னு அண்ணன் கவலைப்பட்டாருல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல மொழிபெயர்ப்பு சொன்னா ஓட்டம் நின்னுரும், அதனால ஆரம்பத்துல மூணு நிமிஷம் பேசுங்க, அதோட விட்டுருங்க. என்ன பேசுறது? மார்வின் கேயோட தம்பி ஃபிராங்கி வியட்நாம் சண்டைக்குப் போனவரு, அங்கேர்ந்து வீட்டுக்கு எழுதுன கடுதாசி, திரும்பி வந்து சொன்ன கதை, அதெல்லாம்தான் இந்த ஆல்பத்துக்குள்ள இருக்கு, சண்டைக்குப் போயிட்டுத் திரும்பினவன் ஊரைப் பாத்து என்னய்யா நடக்குது இங்கன்னு கேக்குறான். நம்ம ஊர்ல இதைப் போயி விளக்கணுமா? பர்மா, மலேயா, சைகோன்னு கொண்டுவிக்கப் போன வீடுங்க. சைகோன்ல நகரத்தார் கட்டின தண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கு. அங்க பொட்டி கட்டிட்டுக் கிளம்பி வந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க அந்த வளவுலயே உக்காந்திருப்பாங்க. கப்பல் கடுதாசிக்குக் காத்துக்கிட்டிருந்த அப்பத்தாவைப் பாத்தவங்களுக்கு அந்த மூணு நிமிஷம் போதும். அந்தக் காலத்துக் கடுதாசி ஏதாச்சும் அந்த வீட்டுப் பெட்டகத்துல இருந்தா, வீட்டுக்காரங்க சம்மதிச்சா, ஒன்னை எடுத்து வாசிச்சுட்டே ஆரம்பிங்க.

ரெண்டாவது, உரிமை விஷயம். டிக்கெட் போட்டு வித்தா பாட்டோட இசைக்கும் வரிக்கும் ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதுனவங்க, இசையமைச்சவங்க உரிமைக்கான சங்கம்) லைசென்ஸ் எடுக்கணும், நீங்களே வாசிக்கிறதால ரெக்கார்டு கம்பெனி லைசென்ஸ் தேவைப்படாது, பென் டிரைவ்ல டிராக் ஓட விட்டாத்தான் அது வரும். காசு வாங்காம அமெச்சூர் சங்கம் நடத்துனா காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல விலக்கு இருக்கு, ஆனா நீங்க காசுக்கு வாசிக்கிற குழு, அதனால லைசென்ஸ் எடுத்துருங்க, அந்தப் பாட்டை எழுதுனவங்க குடும்பத்துக்குப் போற காசு அது.

கானாடுகாத்தான் ரசிகன்:

கடுதாசி வாசிக்கிறதுன்னா நான் வர்றேன். எங்க ஐயா சைகோன்லேர்ந்து எழுதுனது ரெண்டு மூணு எங்க வீட்டுலயே இருக்கு, மஞ்சக் கறை படிஞ்சு, மேல சிவமயம்னு போட்டு, வட்டிக் கணக்கு, மழை, பிள்ளைக்குக் காய்ச்சல்னு எல்லாம் ஒரே பாரால எழுதியிருக்கும். காப்பி எடுத்துத் தர்றேன். ராஜா ஆல்பம் பத்திச் சொன்னதை நான் விடல, அடுத்த வருஷம் அதையும் யோசிங்க, செல்லோவுக்கு ஆளை மதுரையில தேடலாம்.

செக்காலை கீஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. முடிவு: 'வாட்ஸ் கோயிங் ஆன்', வளவு, தை மாசம், விக்கு கிடையாது, கீபோர்டு ஹார்ன்ஸ் கிடையாது. கோட்டையூர் அண்ணே, நீங்க மூணு பேரும் எப்ப வர முடியும்னு சொல்லுங்க, டெனருக்கும் முக்கியமான சோலோ இருக்கு, முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டுல வைல்ட் பில் மூர் ஊதுனது, அதை அவரு இப்பவே கேக்க ஆரம்பிக்கட்டும்.

கோட்டையூர் டிரம்பெட்:

ஞாயித்துக்கிழமை மூணு பேருக்கும் முகூர்த்தம் இருக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் வர்றோம். அதுக்குள்ள கிட்டார், பேஸ் ரெண்டையும் அரைக் கட்டை எறக்கி வச்சுருங்க, எறக்குன கம்பி ரெண்டு நாளாச்சும் நின்னாத்தான் சுருதி ஒழுங்கா நிக்கும். டெனர்காரருக்கு அந்தப் பாட்டை வாட்ஸாப்ல அனுப்பியாச்சு, இப்பவே ஊதிப் பாத்துக்கிட்டு இருக்காரு.